வார்னிஷ் அடித்த மரச்சாமானுக்குப் பெயின்ட்: உரியாமல் நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது. அம்மா வீட்டிலிருந்து வந்த ஒரு மர பீரோ, ஒரு டைனிங் டேபிள். இரண்டும் 20, 25 வருடத்துக்கு முன்பு வார்னிஷ் அடித்தவை. நிறம் கறுத்து, அறையையே இருட்டாக்குகின்றன. வெள்ளையோ வெளிர் சாம்பலோ அடிக்க ஆசை. முன்னோட்டமாக ஒரு ஸ்டூலுக்கு எனாமல் அடித்துப் பார்த்ததில், சில மாதங்களிலேயே நகம் பட்ட இடமெல்லாம் தோல் உரிவதுபோல் வந்துவிட்டது. ஒரு பெயின்டர், வார்னிஷை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்தால்தான் நிற்கும் என்கிறார். இன்னொருவர், பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வார்னிஷ் கெட்டியாக, மரத்தைவிட்டுக் கிளம்பாமல் இருந்தால் அதை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் மேல் உள்ள அழுக்கையும் எண்ணெயையும் முழுக்க எடுக்க வேண்டும், பளபளப்பைச் சாகடிக்க வேண்டும், அதன் பிறகு வார்னிஷைப் பிடித்துக்கொள்ளும் பிரைமர் அடிக்க வேண்டும். கடையில் எல்லோரும் கேட்பது எந்த பெயின்ட் நல்லது என்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டும் அடியில் பிடிப்பு இல்லாவிட்டால் உரியத்தான் செய்யும். வேலையின் முக்கால் பங்கு பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

உங்கள் ஸ்டூல் ஏன் உரிந்தது என்று பார்த்தால் இது புரியும். பெயின்ட் ஒரு பரப்பைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களிலும் துளைகளிலும் இறங்கிக் காய்வது ஒன்று. அடியில் உள்ள பூச்சோடு ரசாயன முறையில் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. வருடக்கணக்கில் இறுகிய வார்னிஷில் துளையும் இல்லை, புதுப் பூச்சோடு சேர்வதற்கான இளக்கமும் இல்லை. அதன் மேல் கைப்பிசுக்கும் மெழுகும் வேறு படிந்திருக்கும். எனாமல் அதன் மேல் ஒரு தாளாகக் காய்ந்து கிடக்குமே தவிர, பிடிக்காது. எங்காவது ஒரு ஓரத்தில் அடிபட்டதும் அங்கிருந்து உரியத் தொடங்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். பழைய தேக்கு, ஈட்டி மரச் சாமான்களை பெயின்டால் மூடுவதில் எனக்கு விருப்பமில்லை. கறுத்திருப்பது பெரும்பாலும் மரமல்ல, வயதான பூச்சும் அதில் படிந்த அழுக்கும்தான். பீரோவின் கதவுக்கு உட்புறம் ஒரு சாண் இடத்தைச் சுத்தம் செய்து, லேசாகத் தேய்த்து, புதுசாகப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதைப் பார்த்ததும் பெயின்ட் அடிக்கும் எண்ணமே போய்விடும். அப்படியும் பெயின்ட்தான் வேண்டும் என்றால், வார்னிஷை எடுக்காமல் விடுவதற்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. தேக்குக்குக் கண்ணுக்குத் தெரியும் நரம்புத் துளைகள் உண்டு. வார்னிஷைச் சுரண்டிய மரத்தில் வெள்ளை அடித்தால் பெயின்ட் அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும், பிறகு யாராலும் முழுசாக எடுக்க முடியாது. வார்னிஷ் துளைகளை அடைத்தபடி இருந்தால், 15 வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் மரத்தின் நிறம் வேண்டும் என்று நினைத்தாலும் பெயின்டைச் சுத்தமாக எடுக்க வழி இருக்கும்.

அடுத்து, மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரிய வேண்டும். நாம் எல்லாவற்றையும் வார்னிஷ் என்றே சொல்கிறோம். அது அரக்கால் செய்த ஸ்பிரிட் பாலிஷாக இருக்கலாம், எண்ணெய் வார்னிஷாக இருக்கலாம், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கராக இருக்கலாம், மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) என்ற கெட்டிப் பூச்சாகவும் இருக்கலாம். கண்ணில் படாத ஒரு மூலையில், கதவின் உள்ளடி போன்ற இடத்தில், பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் வைத்து அழுத்தித் தேயுங்கள். பஞ்சு பழுப்பாகி, இடம் பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஒன்றும் ஆகாவிட்டால் பக்கத்தில் என்.சி. தின்னரால் அதேபோல் தேயுங்கள். கரைந்து இழுவினால் லாக்கர். கரையாமல் சுருங்கிக் கொப்புளித்தால் எண்ணெய் வார்னிஷ். இரண்டுக்கும் அசையாமல் அப்படியே நின்றால் மெலமைன் அல்லது பி.யு. என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு அஞ்சு நிமிடம் போதும். பழைய எண்ணெய் வார்னிஷ் மேல் தின்னர் கலந்த பெயின்டை ஸ்பிரே அடித்து, அடுத்த நிமிடமே மொத்தமும் சுருங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும் கோலத்தைத் தவிர்க்க அந்த அஞ்சு நிமிடம் உதவும்.

முழுக்க எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. வார்னிஷ் முதலைத்தோல் போல வெடித்திருந்தால், செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால், விரலை வைத்தால் பிசுபிசுவென ஒட்டினால், அதன் மேல் எது அடித்தாலும் வீண். சந்தேகமாக இருந்தால் பிளேடால் பெருக்கல் குறிபோல் ஒரு கீறல் போட்டு, மேலே நல்ல ஒட்டுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். வார்னிஷ் டேப்போடு வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். இங்கே கடைகளில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர்கள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசிப்பது உயிருக்கே ஆபத்து. உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-ல் தடை செய்தது. மெல்லிய கையுறைகளையும் ஊடுருவும். இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ மட்டும் வைத்துச் செய்யுங்கள். ரிமூவரில் மெழுகும் சேர்ந்திருக்கும். சுரண்டிய பிறகு டர்பன்டைனால் நன்றாகத் துடைக்காவிட்டால் அந்த மெழுகே அடுத்த பூச்சைப் பிடிக்கவிடாமல் செய்துவிடும்.

இனி சுத்தம் செய்வது. இதில்தான் அதிகப் பேர் அவசரப்படுகிறார்கள். உப்புத்தாளை எடுத்து முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைக்கிறார்கள். வரிசை தலைகீழ். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் அந்த எண்ணெயைப் புதிய கீறல்களுக்குள் நாமே தேய்த்து இறக்குகிறோம். நம் வீட்டுச் சாமான்களில் எண்ணெய் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும் நாற்காலியின் சாய்மானத்திலும் தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய். பூஜை அலமாரியில் விளக்கெண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும். அடுப்படி அலமாரியில் தாளிப்பின் ஆவி. பீரோவில் கைப்பிடியைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலம். இந்த இடங்களில்தான் பெயின்ட் முதலில் விடும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர் வழிய வழிய வேண்டாம், மூட்டுகளுக்குள் போனால் பசை விட்டுவிடும். பிசுக்கு அதிகம் என்றால் ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா சேர்க்கலாம். அரக்குப் பாலிஷாக இருந்தால் மட்டும் சோடா கூடாது, காரத்தில் அரக்கு கரையும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்துக் காயவிடுங்கள். மெழுகு சோப்புக்கு அசையாது. அதற்கு மினரல் டர்பன்டைன், நம் பெயின்ட் கடைகளில் எம்.டி.ஓ. என்று கேட்டால் தருவார்கள். வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்து, துணியில் மஞ்சளோ பழுப்போ ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே துணியால் தேய்த்தால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது. முடிந்ததா என்று அறிய, மாஸ்க்கிங் டேப்பை ஒட்டிப் பாருங்கள். சுத்தமான பரப்பில் அது உடனே பிடிக்கும்.

பல வீடுகளில் பர்னிச்சர் பாலிஷ் என்று ஸ்பிரே டப்பா வாங்கி அடித்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். அதில் சிலிக்கான் இருந்தால், பெயின்ட் அடித்ததும் ஆங்காங்கே மீன் கண்போல் சின்னச் சின்னக் குழிகள் விழும். பெயின்ட் அந்தப் புள்ளியைவிட்டு விலகி ஓடும். அப்படி ஒரு குழி தெரிந்தால் மேலும் மேலும் அடித்து மூடப் பார்க்காதீர்கள். ஈரம் காயும் முன் துடைத்தெடுத்துவிட்டு, எம்.டி.ஓ.வால் மறுபடி துடைத்து, அரக்கு சீலர் ஒரு கோட் கொடுத்த பிறகு தொடருங்கள்.

தேய்ப்பதற்கு 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாள். வார்னிஷ் நிறைய இடங்களில் தடித்து வடிந்திருந்தால் மட்டும் 120-ல் தொடங்கலாம். மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். மரம் தெரிய வேண்டியதில்லை. பளபளப்பு போய்ப் பால் போல வெளுத்துவிட்டால் போதும். துடைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பலகைக்குச் சாய்வாகப் பிடித்து ஒளியை ஓடவிடுங்கள். எங்கெல்லாம் மினுக்குகிறதோ அங்கெல்லாம் வேலை பாக்கி. பெரும்பாலும் பள்ளங்களிலும், கதவுச் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே உள்ள வரியிலும், கால்களின் கடைசலிலும் மினுக்கு மிஞ்சியிருக்கும். அங்கே பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பயன்படுத்துங்கள், தாள் போகாத இடத்திலும் அது போகும். இரும்பு நார் வேண்டாம். அதன் துணுக்குகள் சிக்கிக்கொண்டு, தண்ணீர் கலந்த பெயின்டுக்கு அடியில் துருப் புள்ளிகளாகத் தலைகாட்டும்.

விளிம்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கூர்மையான விளிம்பில் எந்த பெயின்டும் தங்காது. ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, அங்கே மட்டும் படலம் மெலிந்துவிடும். பெயின்ட் அடித்த சாமானில் ஓரங்கள் முதலில் தேய்ந்து மரம் தெரிவது இதனால்தான். 220 தாளால் ஒவ்வொரு விளிம்பையும் நாலைந்து தடவை தடவி, கூர் மழுங்கும்படி செய்துவிடுங்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆயுள் கூடும். வினியர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகையாக இருந்தால் அழுத்தக் கூடாது. அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, விளிம்பில் சட்டென்று அறுத்துக்கொண்டு அடிப்பலகை தெரிந்துவிடும்.

சாமான் மேல் வார்னிஷ் அல்லாமல் பழைய பெயின்டும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மிகாமல் கட்டுப்படுத்தும் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசியாக்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, வரும் சேற்றைத் துணியில் வழித்தெடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. வார்னிஷ் மட்டும்தான் என்றாலும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பிரைமர். நம் ஊர் பெயின்டர்கள் எடுத்ததும் வாங்குவது எண்ணெயில் செய்த சாதாரண உட் பிரைமர். அது வெறும் மரத்தில் இறங்கிப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. நன்றாகத் தேய்த்த வார்னிஷ் மேல் ஓரளவு நிற்கும், ஆனால் இரண்டு விஷயத்தில் கைவிடும். மெலமைன், பி.யு. போன்ற கெட்டிப் பூச்சுகளின் மேல் பிடிப்பு குறைவு. மரத்தின் சாயத்தையும் பழைய ஸ்டெயினின் நிறத்தையும் அது முழுதாகத் தடுக்காது. வெள்ளை அடித்து ஒரு வாரம் கழித்து மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள் கிளம்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். தேக்கின் எண்ணெயும், மரத்தில் உள்ள டானின் என்ற கறைப்பொருளும், அந்தக் காலத்தில் பாலிஷில் கலந்த சிவப்புச் சாயமும் மேலே ஏறி வருவதுதான் அது. தண்ணீர் கலந்த பெயின்டில் இன்னும் வேகமாக வரும். மேலே எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் அது நிற்காது.

இதற்கு அரக்குதான் மருந்து. அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அதே பொருளை, மெழுகு நீக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தால் கிட்டத்தட்ட எந்தப் பழைய பூச்சின் மேலும் ஒட்டும், அதன் மேல் வருகிற எந்த பெயின்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். சாயத்தையும் முடிச்சுகளில் ஊறும் பிசினையும் அடைத்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜின்சர் பி.ஐ.என். என்று வெள்ளையாகவே டப்பாவில் கிடைக்கும். இங்கே பாலிஷ் சாமான் விற்கும் கடையில் அரக்குச் செதில் வாங்கி நாமே கரைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் செதில். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி ஒரு நாள் விடுங்கள். சாதாரணச் செதிலில் 100-க்கு 3 முதல் 5 பங்கு மெழுகு இருக்கும். இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கும், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெல்லச் சாய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகோடு அடித்தால் மேலே வரும் பி.யு.வும் தண்ணீர் பெயின்டும் பிடிக்காது. கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன அரக்கு சரியாக இறுகாது, எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கரையுங்கள்.

இதை மெலிசாக, ஒரே இழுப்பில், அடித்த இடத்திலேயே மறுபடி பிரஷைப் போடாமல் இரண்டு கோட் அடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். 320 தாளால் மேலோட்டமாகத் தடவி, அதன் மேல் எண்ணெய் அண்டர்கோட் அல்லது வெள்ளை பிரைமர் ஒரு கோட் கொடுத்தால் அடித்தளம் தயார். அரக்குக்கு ஒரு குறை உண்டு, சூட்டில் இளகும். சூடான பாத்திரம் வைக்கும் டேபிள் மேல்பலகைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளம், ஆணித் துளை, உளுத்த ஓட்டை எல்லாம் பிரைமருக்குப் பிறகு அடைக்க வேண்டும், முன்னால் அல்ல. வெள்ளையடித்த பரப்பில்தான் குறை கண்ணுக்குத் தெரியும். சின்னக் குறைக்கு என்.சி. பட்டி, ஆழமான உடைசலுக்குக் கார் பட்டறையில் பயன்படுத்தும் ஹார்டனர் கலக்கும் பட்டி. சுவருக்கு வாங்கி மீந்த சிமென்ட் பட்டியை மரத்தில் பூசாதீர்கள். மரம் மழைக்காலத்தில் உப்பி வெயில் காலத்தில் சுருங்கும். அந்தப் பட்டிக்கு அசையத் தெரியாது, வெடித்துக் கொட்டிவிடும். சாமான் முழுவதும் பட்டி இழுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவதையும் நான் ஆதரிப்பதில்லை. பட்டி தடிமன் ஏற ஏற ஒரு சின்ன அடிக்கும் துண்டாகப் பெயரும். தேக்கின் ரேகை பெயின்டுக்குள்ளும் கொஞ்சம் தெரிவது அழகுதான். உளுத்த ஓட்டையிலிருந்து புதிய மாவு கொட்டிக்கொண்டிருந்தால் முதலில் பூச்சிக்கு மருந்து போடுங்கள்.

மேல் பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சோதனை. அடித்தளம் காய்ந்து இரண்டு நாள் ஆன பிறகு, கதவின் பின்புறம் கீழ் மூலையில் புது பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்கே ஆறு கோடு கீறுங்கள். 25 குட்டிச் சதுரங்கள் கிடைக்கும். டேப்பை ஒட்டி நகத்தால் நன்றாகத் தேய்த்து, மடக்கி இழுங்கள். பெயின்ட் கம்பெனிகளின் சோதனைச் சாலையில் பிடிப்பை அளப்பதும் இதே முறையில்தான். சதுரங்கள் எல்லாம் அப்படியே நின்றால் தைரியமாக மேலே போகலாம். ஓரத்தில் ஒன்றிரண்டு பெயர்ந்தால் இன்னும் சில நாள் காயவிட்டு வேறு இடத்தில் மறுபடி பாருங்கள். பத்து சதுரம் டேப்போடு வந்தால் சுத்தம் செய்ததில் குறை. அந்த நிலையில் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று கோட் பெயின்டுக்குப் பிறகு செய்வதைவிட அது மலிவு.

மேல் பெயின்டில் வீட்டிலேயே பிரஷால் அடிக்கிறவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று எண்ணெய் எனாமல், அப்கோலைட் மாதிரி. நன்றாகப் பரவும், பிரஷ் கோடு தானாக அமுங்கும், விலையும் குறைவு. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகுவதால் தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்தாலும், முழுக் கெட்டி ஆக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். பீரோவின் வெளிப்புறம் வெள்ளையாக இருக்க உட்புறம் மட்டும் பழுத்துப்போவது இதனால். சாம்பல், பச்சை போன்ற நிறங்களில் இது தெரியாது. இரண்டாவது, தண்ணீர் கலந்த எனாமல் அல்லது தண்ணீர் கலந்த பி.யு. மஞ்சளாகாது, வாடை குறைவு, ஒரே நாளில் இரண்டு கோட் அடிக்கலாம். வெள்ளைதான் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், அடியில் அரக்கு கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சுவர் எமல்ஷன் வேண்டவே வேண்டாம். அது மென்மையாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. அலமாரித் தட்டில் அடித்தால் அடுக்கிய புத்தகம் ஒட்டிக்கொள்ளும், கதவை மூடினால் சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது பெயின்டைப் பிய்த்துக்கொண்டு வரும். பட்டறைகளில் டியூகோ என்று சொல்லும் என்.சி. பெயின்ட் சீக்கிரம் காயும், வழவழப்பு அருமையாக வரும். ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது, நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு விழுந்தாலும் கரையும், பழைய எண்ணெய் வார்னிஷைச் சுருட்டிவிடும் என்று முன்பே சொன்னேன். சாக் பெயின்ட் என்று இப்போது பிரபலமாக இருப்பது அலங்காரச் சாமானுக்குச் சரி, தினமும் கை படும் பீரோவுக்குப் போதாது.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலோ கடலோர ஊர்களிலோ இந்த வேலையை எடுக்காதீர்கள். ஈரக்காற்றில் அரக்கும் லாக்கரும் வெளுத்துப்போகும், எனாமல் நாள் கணக்கில் காயாது. சித்திரை வெயிலில் நடுப்பகலும் ஆகாது. மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி பத்தரைக்குள் ஒரு கோட்டை முடிப்பது நல்ல கணக்கு. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஃபேன் வேண்டாம்.

கதவுகளையும் டிராயர்களையும் கழற்றி, கீல் உட்காரும் பள்ளத்தில் பென்சிலால் எண் எழுதிவிடுங்கள். கதவைப் படுக்கவைத்து அடித்தால் வடியாது. பெயின்டை நைலான் துணியிலோ பழைய வேட்டியிலோ வடிகட்டி, நாலு அங்குல ஃபோம் ரோலரால் மெலிசாக உருட்டி, ஈரம் இருக்கும்போதே நல்ல பிரஷின் நுனியால் ஒரே திசையில் லேசாக இழுத்துவிடுங்கள். தண்ணீர் பெயின்டுக்கு நைலான் பிரஷ், எனாமலுக்குப் பன்றி மயிர் பிரஷ். ஒரு தடித்த கோட்டைவிட இரண்டு மூன்று மெலிந்த கோட் எப்போதும் கெட்டி. கோட்டுக்கு நடுவே 320 தாளால் தூசிப் புள்ளிகளைத் தட்டிவிட்டுத் துடையுங்கள். 6 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவின் வெளிப்புறம் சுமார் 40 சதுர அடிதான், இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் தாராளம். டிராயரின் பக்கவாட்டையும் அது ஓடும் தடத்தையும் பெயின்ட் அடிக்காமல் விடுங்கள். அங்கே இடைவெளி மிகக் குறைவு, பெயின்ட் ஏறினால் மழைக்காலத்தில் டிராயர் அசையாது. எண்ணெய், எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

முடிந்ததும் உடனே சாமானை உபயோகத்துக்கு எடுக்காதீர்கள். பீரோவின் கதவுகளை ஒரு வாரம் திறந்தே வையுங்கள். சட்டத்தில் கதவு மோதும் இடத்தில் சின்ன ஃபெல்ட் பொட்டு ஒட்டுங்கள். ஒரு மாதம் ஈரத்துணி, சோப்பு எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் விரிப்பை எந்தக் காலத்திலும் நேராக பெயின்ட் மேல் போடாதீர்கள். அந்த விரிப்பை வளையவைக்கும் எண்ணெய் போன்ற பொருள் பெயின்டுக்குள் இறங்கி இளக்கி, இரண்டும் ஒன்றாக ஒட்டிவிடும். மிக்ஸியின் ரப்பர் காலும் அதே வேலையைச் செய்யும்.

டைனிங் டேபிள் விஷயத்தில் என் பதில் வேறு. கால்களுக்கும் சட்டத்துக்கும் பீரோ மாதிரியே பெயின்ட் அடியுங்கள். மேல்பலகையை மரமாகவே விட்டு, பழைய பூச்சை எடுத்துவிட்டு இரண்டு பாகம் கலக்கும் பி.யு. கிளியர் போடச் சொல்லுங்கள். சூடான சாம்பார் பாத்திரத்தையும் தினம் இரண்டு வேளை ஈரத்துணியையும் தாங்கும் பூச்சு அதுதான். பலகையும் வெள்ளையாகத்தான் வேண்டும் என்றால் பி.யு. பிரைமர், பி.யு. பெயின்ட் இரண்டையும் பாலிஷ் பட்டறையில் கொடுத்து ஸ்பிரே அடித்து வாங்குங்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, வீட்டு ஹாலில் வைத்து ஸ்பிரே அடிக்கும் சரக்கல்ல.

எப்படியும் எங்காவது ஒரு நாள் அடிபட்டுச் சில்லு பெயரும். மீந்த பெயின்டை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, நிறத்தின் எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள். சில்லு போன இடத்தின் ஓரத்தை 320 தாளால் சரிவாகத் தேய்த்து, மரம் தெரிந்தால் ஒரு சொட்டு அரக்கு தொட்டு, அது காய்ந்ததும் மெல்லிய பிரஷால் பெயின்டை இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். பெயர்ந்த அன்றே செய்தால் அந்தச் சில்லு பரவாது.